தேவையில்லாதவற்றின் பட்டியல்

வின்னிபெக்கின் பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் குத்துகிறது. ஓடெட்டின் பேனா வரைபலகையில் ஓடுகிறது. கணினித் திரையில் ஒரு கோடுகூட விழவில்லை. மதியத்துக்குள் அட்டைப்படம் பதிப்பகத்துக்குப் போயாக வேண்டும். காலையில் கணவன் லோர்ன், சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று, தேவையில்லாதவை எனக் கணினியின் லினக்ஸ் இயங்குதளம் காட்டிய பட்டியலை மொத்தமாக அழித்திருக்கிறான். வரைபலகையை இயக்கும் டிரைவர் மென்பொருளும் அதோடு போயிற்று. "படிக்காமலே யெஸ் குடுத்தியா?" "எல்லாரும் அப்படித்தான் குடுப்பாங்க." "எல்லாரும் என் மெஷினைத் தொடல. நீதான் தொட்ட." அவன் டிரைவரை மறுபடி நிறுவும் கட்டளையைத் தட்டுகிறான். திரை இன்னொரு பட்டியலைக் காட்டிச் சம்மதம் கேட்கிறது. பழக்கத்தில் யெஸ் தட்ட அவன் விரல் கிளம்ப, ஓடெட்டின் பேனா அதன் கணுவில் சுள்ளென்று இறங்குகிறது. "வாய்விட்டுப் படி." "நீக்கப்படுபவை..." மூன்றாவது வரியில் வைஃபை டிரைவர்; அது போனால் இணையமும் போகும், அட்டைப்படத்தை அனுப்பவே முடியாது. அவன் குரல் உள்ளே போய்விடுகிறது. "இன்னும் சத்தமா," என்கிறாள் ஓடெட்.