இந்த வருஷமும் அக்காதான்

"இந்த வருஷமும் அக்காதான் ஜெயிச்சா!"

தேவாலய நிதிக்கான ஓவிய ஏலத்திலிருந்து திரும்பியவள், கைப்பையைச் சோபாவில் எறிந்தாள். கணவன் கதவைத் தாழிட்டான்.

"என்னோட ரோஜாவைச் சீந்த ஆளில்லை. பாதிரியாரே பாவம் பார்த்து வாங்கிக்கிட்டார். அக்காவோட ஜன்னல் படத்துக்கு மட்டும் ஆளாளுக்குக் கை தூக்குறாங்க. 'அந்த நீலத்தைப் பாருங்க, இந்தக் கை வேற யாருக்கு வரும்'னு என்கிட்டயே வந்து சொல்றாங்க. எனக்கு வயிறு எரியாதா?"

"அவங்க மேல இன்னுமா பொறாமை?"

"பின்னே? ஆறு வருஷமா இதே கதை."

அவளுடைய நகக்கண்ணில் ஒட்டியிருந்த நீலத்தையே பார்த்தபடி அவன் மெதுவாகச் சொன்னான்.

"உங்க அக்கா தவறி மூணு மாசம் ஆச்சும்மா. அவங்க ஆஸ்பத்திரிக்குப் போறப்போ அந்தப் படத்துல இருந்தது வெறும் பென்சில் கோடுதான். முழுசா வண்ணம் தீட்டி, மூலையில அவங்க பேரையும் எழுதினது நீ. ஜெயிச்சது உன் கைதான். அங்கேயே சொல்லியிருக்கலாமே?"

அவள் சோபாவில் உட்கார்ந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சொன்னா அக்கா தோத்துடுவாளே."