காலி சீட்டு

"டிரைவர் இல்லாத காரைப் பார்த்தா ஜனங்க என்ன செய்றாங்கன்னு படம் எடுக்கணும். மூச்சு விடக் கூடாது டைட்டஸ்" என்றார் பின்சீட்டிலிருந்த இன்ஜினியர். "வேலையைப் பத்தி வீட்ல சொல்லலையே?"

"இல்ல சார்."

வியர்வை டைட்டஸின் கண்ணில் இறங்கியது. துடைக்க வழியில்லை. புதுத்தோல் வாடை குமட்டியது. ஆம்பூர் பஜாரில் கார் ஊர்ந்தது. கூட்டம் அலறி ஒதுங்கியது.

ஷூ கம்பெனியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அவன் மனைவி டோரதி, முன்கண்ணாடி வழியாக நேராக அவனைப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு அவன் தெரியவில்லை.

"இன்னாக்கா இது, கார் தானா ஓடுது! இனிமே எங்க வீட்டுக்காரருக்கு எவன் டிரைவர் வேலை குடுப்பான்?" என்று பக்கத்திலிருந்தவளிடம் அழுதாள்.

"ஆஹா, அழறாங்க! அந்தம்மாகிட்ட இன்னும் மெதுவாப் போ" என்றார் இன்ஜினியர்.

டிரைவர் சீட்டின் தோல் உறைக்குள், சீட்டோடு சீட்டாக ஒளிந்து, கண்துளை வழியே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்த டைட்டஸ், வேகத்தைக் குறைத்தான்.