மூணாவது ஒயர்

"ஏன் தம்பி, இப்படிக் குறுக்கே நிறுத்தினா மத்த வண்டியெல்லாம் எங்கே போகும், ஆகாசத்துலயா? பின்னால எடுங்க!"

ஒர்க்‌ஷாப்புக்குள் கார் நுழைந்ததுமே டிரைவருக்குக் கிடைத்த வரவேற்பு இது. சொன்னது மெக்கானிக் இல்லை. மெக்கானிக்கின் மனைவி.

சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். "மனுஷன் தங்கம்ப்பா. சத்தத்தை வச்சே இன்ஜின் நோயைச் சொல்லிடுவாரு. அதனாலதான் காதுக்காரர்னு பேரு. ஆனா பொண்டாட்டி வாயில மாட்டிக்கிட்டு முழிக்கிறாரு, பாவம்."

முதலாளிக்கு வாடகைக் கார் ஆறு. "இந்த ஒண்ணை விட்டுப் பாரு. சரிப்பட்டா ஆறையும் அங்கேயே கொடுத்துடலாம்" என்று சொல்லியிருந்தார்.

மெக்கானிக் அந்தப் பக்கம் திரும்பி ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார். டிரைவர் அந்த அம்மாவைத் தாண்டி அவரிடம் சொன்னார்:

"அண்ணே, இன்ஜின் மிஸ் ஆகுது. சிக்னல்ல நின்னா குளிர்ஜுரம் வந்த மாதிரி உதறுது. மேடு வந்தா புல்லிங்கே இல்லை. பின்னால வர்ற சைக்கிள்காரன் பெல் அடிக்கிறான்!"

மெக்கானிக் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த அம்மா சுற்றிக்கொண்டு போய் அவர் முகத்துக்கு நேராக நின்றார்.

"இன்ஜின் உதறுதாம்! மேட்டுல இழுக்கலையாம்! சைக்கிள்காரன் முந்துறானாம்! எத்தனை தடவை சொல்றது, காதுல என்ன பஞ்சா?"

மெக்கானிக் சிரித்துக்கொண்டே வந்து பானெட்டைத் தூக்கினார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி!" என்றார், கொஞ்சம் உரக்கவே.

இன்ஜின் தடதடவென்று ஆடியது. ரப்பர் பிடி போட்ட குறடை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

"நாலு சிலிண்டர் தம்பி. நாலு பேர் சேர்ந்து ஒரு கட்டிலைத் தூக்குற மாதிரி. ஒருத்தன் கையை விட்டா உடனே தெரிஞ்சிடும். ஆனா தூக்காமலே சும்மா கூட நடக்கிறான் பாருங்க, அவன் கையை எடுத்தா ஒண்ணும் தெரியாது. அவன்தான் திருடன். ஒவ்வொருத்தனா பிடுங்கிப் பார்ப்போம்."

முதல் பிளக் ஒயரைப் பிடுங்கினார். சத்தம் சட்டென்று இறங்கியது. அந்த அம்மா அவர் தோளில் விரலால் ஒரு குத்து குத்தினார். "பார்த்துப் பிடிங்க, ஷாக் அடிக்கப் போகுது!"

அதை மாட்டிவிட்டு ரெண்டாவது. மறுபடி சத்தம் இறங்கியது. மறுபடி ஒரு குத்து. "சட்டையெல்லாம் கிரீஸு! இதைத் துவைக்கிறது யாரு, நீங்களா?"

மூணாவது. சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதிசயமாக அந்த அம்மாவும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார்.

"மூணாவதுதான் திருடன்" என்றார் மெக்கானிக்.

இன்ஜினை நிறுத்தச் சொல்லி, பிளக்கைக் கழற்றிப் புதுசு போட்டு, மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். அப்படியும் இன்ஜின் உதறியது. அந்த அம்மா எட்டிப் பார்த்தார். சட்டைக் காலரைப் பிடித்து அவரை ஒரு இழுப்பு இழுத்தார்.

"எங்கே பார்க்கிறீங்க? இங்கே!"

காட்டிய இடத்தில் ஒயரின் வளைவில் மயிரிழை போல ஒரு கீறல். கரண்ட் பிளக்குக்குப் போகாமல் அங்கேயே டிக் டிக்கென்று ஒழுகிக்கொண்டிருந்தது.

டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். அந்த அம்மா புது ஒயர் எடுக்க உள்ளே போனதும் பொறுக்க முடியாமல் மெக்கானிக் முதுகுப் பக்கம் வந்தார்.

"அண்ணே, உங்க பொறுமைக்கு மெடலே குத்தலாம். தொழில்லயும் மூக்கை நுழைக்கிறாங்களே, நீங்க ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?"

மெக்கானிக் பானெட்டுக்குள் இன்னும் குனிந்தார்.

'ஆள் இல்லாதப்பவே இவ்வளவு பயமா! ஆறு வண்டிக்கும் இந்த அம்மாகிட்ட யாரு மாரடிக்கிறது? வேணாம்னு முதலாளிகிட்ட சொல்லிடணும்.'

காருக்குள் கிடந்த போனை எடுக்கக் குனிந்தார். முழங்கை ஹாரனில் பட்டுவிட்டது.

பாம்ம்!

நிழலில் படுத்திருந்த நாய் துள்ளி எழுந்தது. பக்கத்துக் கடை டெய்லர் எட்டிப் பார்த்துத் திட்டினார். பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த மெக்கானிக் மட்டும் அசையவில்லை. கீறல் விட்ட ஒயரை நிதானமாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.

டிரைவர் வேண்டுமென்றே இன்னொரு தடவை அடித்தார். அந்த விரல்கள் நடுங்கக்கூட இல்லை.

"அடிக்காதீங்க தம்பி."

புது ஒயரோடு அந்த அம்மா நின்றிருந்தார். அந்தக் குரல் இவ்வளவு தணியும் என்று டிரைவருக்குத் தெரியாது.

"எத்தனை நாளாக்கா?"

"ரெண்டு வருஷமாச்சு. சுத்தமா கேட்காது. நேரா நின்னு பேசினா உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுப்பாரு. சத்தம் இறங்கினா குத்துவேன், இறங்கலைன்னா சும்மா நிப்பேன்."

"அப்ப அந்தத் திட்டு?"

"நான் திட்டிக்கிட்டே இருந்தா, இவர் ஏன் பதில் பேசலைன்னு யாரும் யோசிக்க மாட்டாங்க. பொண்டாட்டிக்குப் பயந்தவருன்னு சிரிச்சிட்டுப் போயிடுவாங்க." புடவைத் தலைப்பால் ஒயரைத் துடைத்தார். "என்னை வாயாடின்னு சொல்லட்டும் தம்பி. காதுக்காரருங்கிற பேரு அவருக்கு நிக்கட்டும். வெளியில தெரிஞ்சா ஒரு வண்டி வராது. வேலை இல்லைன்னா அவரு உட்கார்ந்துடுவாரு."

புது ஒயர் மாட்டியாயிற்று. டிரைவர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் தாலாட்டுப் போல ஓடியது. அந்த அம்மா உள்ளங்கையை மெக்கானிக் முதுகில் மெல்ல வைத்தார். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

அந்த நேரம் பார்த்து முதலாளி போன் பண்ணினார்.

"என்னப்பா, ஆறையும் விடலாமா?"

அந்த அம்மா தலைப்பைக் கசக்கிக்கொண்டு டிரைவர் முகத்தையே பார்த்தார். டிரைவர் பக்கத்துக் கடை டெய்லருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்:

"கண்ணை மூடிக்கிட்டு விடலாம் முதலாளி. காதுக்காரர் காதுக்காரர்தான்! அந்த அம்மா வாயைத்தான் தாங்க முடியலை!"