நெற்றிச் சூடு

"அப்பா, இன்னொரு தடவை பாருப்பா."

காலையிலிருந்து இது எத்தனையாவது தடவை என்பது அவருக்கே மறந்துவிட்டது. பிரித்துப் போட்டிருந்த ஃப்ரிட்ஜின் பின்னாலிருந்து எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து, மகளின் நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டரை வைத்தார். அது 'பீப்' என்றதும் அவரை முந்திக்கொண்டு அவளே பிடுங்கிப் பார்த்தாள்.

"நார்மல். சொன்னேன்ல சுண்டெலி? உனக்கு ஒண்ணுமே இல்ல," என்றார் எட்டிப் பார்த்து.

சுண்டெலியின் முகம் சுருங்கிப்போனது. ஜன்னலோரம் போய் நின்று நகம் கடிக்க ஆரம்பித்தாள். கடிக்க நகம் பாக்கி இருந்தால்தானே? விரல் நுனியைக் கடித்தாள்.

ஊரடங்கு போட்டு கடையை இழுத்து மூடச் சொன்னபோது, பாதியில் நின்ற ஃப்ரிட்ஜை வீட்டுக் கூடத்துக்கே தூக்கி வந்துவிட்டார் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கான அப்பா. எந்த ஃப்ரிட்ஜாக இருந்தாலும் கதவைத் திறந்து கையை உள்ளே நீட்டியே கோளாறைச் சொல்லிவிடுகிற மனுஷன். எட்டு வயதுப் பெண்ணுக்குள் என்ன கோளாறு என்பதுதான் பிடிபடவில்லை.

சரியாகச் சாப்பிடுவதில்லை. படுத்தால் புரண்டுகொண்டே இருக்கிறாள். ஆன்லைன் வகுப்பில் டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் காதில் விழாதவள்போல் எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அதைவிடக் கொடுமை ஆம்புலன்ஸ். தெருக்கோடியில் சைரன் கேட்டால் போதும், சாப்பிடும் கையோடு ஜன்னலுக்கு ஓடுவாள்.

"யாருக்குப்பா காய்ச்சல்? எங்கேப்பா கொண்டுபோறாங்க?"

"யாருக்கோ. நீ வந்து சாப்பிடு."

"அவங்களுக்கு எப்படிப்பா வந்துச்சு? கை கழுவாம மூக்கைத் தொட்டாங்களா?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்று ஜன்னலைச் சாத்துவார். கொஞ்ச நேரத்தில் அது மறுபடி திறந்திருக்கும்.

மனைவியிடம் சொல்லிப் புலம்பலாம் என்றால், அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காய்ச்சல் வார்டில் டியூட்டி போட்டதிலிருந்து அங்கேயே தங்கல். சாயங்காலமானால் வீடியோவில் வருவாள், கன்னமெல்லாம் மாஸ்க் அழுத்திய தழும்பு.

"ஒரு எட்டு வந்து உன்னைப் பாத்துட்டுப் போகட்டுமா?" என்று போன வாரம் இவர் கேட்டார். தோளில் சாய்ந்தபடி மகளும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விளையாடுறீங்களா? காய்ச்சக்காரங்களைத் தவிர ஒருத்தரையும் இங்க வாசப்படி மிதிக்க விட மாட்டாங்க. பிள்ளையைப் பாத்துக்குங்க, போதும்." அதற்குள் அங்கே யாரோ கூப்பிட, திரை அணைந்தது.

பிள்ளையைப் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடாக இருந்தது. கடைசியில் மனநல டாக்டரம்மா ஒருவருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினார்.

"பயம் சார். இப்ப நிறையப் பிள்ளைங்களுக்கு இப்படித்தான் இருக்கு. நியூஸ் பாக்குறதை நிறுத்துங்க. உனக்குக் காய்ச்சல் வராதுன்னு அடிக்கடி சொல்லிக்கிட்டே இருங்க. கொஞ்சம் கொஞ்சமா தைரியம் வந்துடும்."

போனை வைத்த கையோடு டிவி வயரைப் பிடுங்கினார். மகளை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார்.

"இங்க பாரு சுண்டெலி. இந்த வீட்டுக்குள்ள ஒரு கிருமி நுழைய முடியாது. உனக்குக் காய்ச்சல் வரவே வராது. அப்பா கேரண்டி. ஃப்ரிட்ஜுக்குத்தான் ஒரு வருஷம், உனக்கு ஆயுசுக்கும்."

சிரிப்பாள் என்று பார்த்தார். அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவர் சொல்லச் சொல்ல அழுகை கூடிக்கொண்டே போனது. மனுஷன் ஆடிப்போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு அவர் இறங்கி வந்தபோது, சுண்டெலி கூடத்தின் நடுவில் தெர்மாமீட்டரோடு நின்றாள்.

"அப்பா, நூத்தி நாலு."

வாங்கிப் பார்த்தார். நூற்று நாலேதான். போனைக் காணோம் என்று வீடெல்லாம் தேடினார். அது சட்டைப் பையிலேயே இருந்தது. ஆம்புலன்ஸ் நம்பரை அழுத்தப் போனால் விரல் வேறெங்கோ விழுந்தது.

"பயப்படாதப்பா," என்றாள் மகள். "நான் ரெடி."

குரலில் துளி நடுக்கமில்லை. அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தார். தலையை அவளே வாரியிருந்தாள். காலில் செருப்பு. முதுகில் பள்ளிக்கூடப் பை, அதன் வாயில் கவுனும் பல் தேய்க்கும் பிரஷ்ஷும் துருத்திக்கொண்டிருந்தன.

போனை இறக்கிவிட்டு நெற்றியைத் தொட்டார். பானைத் தண்ணீர்போல் சில்லென்று இருந்தது.

மெல்லத் திரும்பினார். ஓடுகிறதா என்று பார்க்க ஃப்ரிட்ஜை ஆன் செய்துவிட்டுத்தான் மாடிக்குப் போயிருந்தார். அதன் பின்பக்கம், கம்ப்ரசரை ஒட்டி, மகளின் குட்டி முக்காலி கிடந்தது. ஓடுகிற கம்ப்ரசர் எப்படிச் சுடும் என்பதை அவருக்கா சொல்லித்தர வேண்டும்?

வந்ததே கோபம்.

"பள்ளிக்கூடமே மூடிக் கிடக்கு. யாரை ஏமாத்தடி இந்த வேலை? ஒரு நிமிஷம் என் உசுரே போயிடுச்சு. காய்ச்சல்னாலே நடுங்குறவ, இப்படியா விளையாடுவே?"

சுண்டெலி பையைக் கழற்றவில்லை. அதன் பட்டைகளை இறுகப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"காய்ச்சல் இருந்தாத்தானேப்பா அம்மாகிட்ட விடுவாங்க?"