மூன்றரை அடி

கடைக்காரரை ஸ்டூலில் உட்கார வைத்தான். அவர் தோளிலிருந்து மூன்றரை அடி அளந்து, தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான்.

கோட்டில் போய் நின்றான். முதுகு அலமாரியில் முட்டியது.

முட்டட்டும். அங்கேயும் முட்டத்தான் போகிறது.

"இதுக்கு மேல பின்னால போவ முடியாதா, தம்பி?" என்றார் ஞானப்பழம். பழைய கேமராக்களை வாங்கி விற்பவர். தூத்துக்குடியில் பாதி ஸ்டுடியோக்களுக்கு அவர் கடைதான் கதி.

"பின்னால கண்ணாடி, அண்ணாச்சி. அதுக்குப் பின்னால கடலு."

அவன் மனைவி பெயர் ஜெனோவா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். கப்பலிலிருந்து கன்டெய்னர் பெட்டி இறக்கும் கிரேன். நூற்றிருபது அடி உயரத்தில் ஒரு கண்ணாடி அறை. அதற்குள் ஒரு நாற்காலி. பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம்.

குடும்பத்தார் வந்து பார்க்க வருடத்தில் ஒரு நாள் உண்டு. பதினைந்து நிமிடம். லிஃப்ட் பாதி தூரம்தான், மீதி ஏணி. பை கூடாது. தொங்குகிற எதுவும் கூடாது. கேமராவை மார்போடு இறுக்கிக் கட்டிக்கொள்ளலாம்.

போன வருடமும் அந்த நாள் வந்தது. அவன் போகவில்லை.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அவன் கேட்டது ஒன்றுதான். "அம்புட்டு ஒசரத்துல ஒனக்கு என்ன சோலி?"

அவள் வேலைக்குப் போனாள்.

முதலில் தன் லென்ஸையே மாட்டிப் பார்த்தான். பதினைந்து வருடமாகக் கல்யாண வீடுகளில் முகங்களை அள்ளித் தந்த ஐம்பது எம்.எம். ஞானப்பழத்தின் காது தெரிந்தது. காதில் இருந்த முடி தெரிந்தது.

கையும் காலும் எங்கோ இருந்தன.

அவர் பெரிய ஜூம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அருமையான கண்ணாடி. கால்விரலில் தொடங்கி மின்விசிறி வரை மொத்தக் கடையும் உள்ளே வந்தது. விலையைக் கேட்பதற்கு முன்பே மணிக்கட்டு வலித்தது. மார்பில் கட்டிக் குனிந்து பார்த்தான். தாடையில் இடித்தது.

இதோடு ஏணிப் படியைப் பார்க்க முடியாது.

அடுத்தது பழசு, மலிவு. உள்ளே பூஞ்சை. வாசல் வெயிலுக்கு எதிரே பிடித்ததும் படம் பால் ஊற்றியதுபோல் வெளுத்தது. அங்கே நாலு பக்கமும் வெயில்.

கடைசியாக இழுப்பறைக்குள் துழாவி ஒன்றை எடுத்தார். டீக்கடைப் பாட்டிலில் கிடக்கும் தட்டை அளவுதான் இருந்தது. கனமும் அவ்வளவுதான். பிளாஸ்டிக் உடம்பு.

"இத ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. விலையும் சல்லிசு. வெளிச்சம் கொறஞ்சா தெணறும். ஓரத்துல லேசா வளைக்கும். கல்யாண வீட்டுக்கு ஆவாது, தம்பி."

மாட்டினான். மாட்டியது போலவே இல்லை.

கண்ணை வைத்தான்.

முகம். தோள். முழங்கையின் மடிப்பு. விரல்கள். முட்டி. செருப்பு. செருப்பைச் சுற்றித் தரை.

"அண்ணாச்சி, குனிஞ்சு ரெண்டு காலுக்கும் நடுவுல பாருங்க."

"என்னத்தப் பாக்க?"

"சும்மா பாருங்க."

அவர் பார்த்தார். பார்க்கிற கண்ணும் பார்க்கப்படுகிற இடமும் ஒரே படத்துக்குள் இருந்தன.

"இதையே குடுங்க" என்றான்.

இந்த வருடம் அந்த நாளில், கிரேன் ஏணியில் ஏறும்போது அவன் கீழே பார்க்கவில்லை.

அறைக்குள் நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. தரையில் பாதி கண்ணாடி. அதற்கு அடியில் ஒன்றுமில்லை.

"அங்கனயே நில்லுங்க" என்றாள் ஜெனோவா. திரும்பவில்லை.

முதுகைக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டான்.

அவள் கழுத்தை மடக்கி, கால்களுக்கு நடுவே கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் இரண்டு லீவர்கள். கைகள் அசைவதாகவே தெரியவில்லை. கப்பலுக்குள்ளிருந்து முப்பது டன் பெட்டி ஒன்று மேலே வந்தது. கரைப்பக்கம் நகர்ந்தது. காற்றில் ஆடியது.

அவள் கட்டைவிரல் சற்றே நகர்ந்தது.

ஆட்டம் நின்றது.

வீட்டில் அவன் பார்த்தறியாத முகம் அது. அவசரமில்லாத முகம். யாரிடமும் எதையும் கேட்காத முகம்.

முகம், கை, கால், கண்ணாடி, அடியில் லாரியின் மேல் உட்கார்கிற பெட்டி, ஓரத்தில் லேசாக வளைந்த கடல்.

எடுத்தான்.

மறுநாள் வேலை முடிந்து சீருடையோடு ஸ்டுடியோவுக்கு வந்தாள். படத்தைத் திரையில் பெரிதாக வைத்துக் காட்டினான்.

தன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. குனிந்து, படத்தின் அடியில் விரலை வைத்தாள். லாரியின் மேல் பெட்டி.

"நாலு மூலையும் ஒண்ணா உக்காந்துருக்கு. பாத்தியளா?"

அவன் பார்த்திருக்கவில்லை.

"வண்டிக்குள்ள டிரைவர் மிக்கேல் அண்ணன் டீ குடிச்சிக்கிட்டு இருப்பாரு. பெட்டி எறங்குனதே அவருக்குத் தெரியாது. தம்ளர் அசையாது."

"யாரு சொன்னா?"

"அவருதான். ரெண்டு வருசமா சொல்லுதாரு. ஹார்பர் பூரா சொல்லிட்டாரு."

பாஸ்போர்ட் படம் எடுக்க ஒருவர் வாசலில் வந்து நின்றார். செத்த நேரம் உட்காரச் சொன்னான்.

பிறகு ஒரு நாற்காலியை இழுத்து அவள் அருகில் போட்டு உட்கார்ந்தான்.

"மொத நாள்லருந்து சொல்லு" என்றான்.