ஆறாவது மொட்டைக் கடுதாசி

"மறுபடியுமா?"

சுகாதார ஆய்வாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். மேஜை மேல் கிடந்தது கடுதாசி. கீழே பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. இரண்டு மாதத்தில் இது ஆறாவது. ஆறும் ஒரே சாப்பாட்டுக் கடையைப் பற்றித்தான்.

நகர சுகாதார வாரியத்தில் அவருக்கு வேறு வேலையே இல்லாதது மாதிரி ஐந்து தடவை போய்ப் பார்த்தாகிவிட்டது. தரை கழுவியிருக்கும். தட்டு பளபளக்கும். சமையலுக்கென்று கேன் தண்ணீர் வரிசையாக நிற்கும். அதிலிருந்து சாம்பிள் எடுத்து அனுப்பினால், குறை ஒன்றும் இல்லை என்று பதில் வரும்.

"வேலைவெட்டி இல்லாத எவனோ நம்மள நாயா அலைய விடுறான் சார்," என்றார் தலைமை அதிகாரியிடம்.

"புகார்னு வந்துட்டா போய்த்தான் ஆகணும். பார்த்துட்டு வந்து ஃபைலை மூடுங்க."

மண்டையைப் பிளக்கும் வெயில். ஸ்கூட்டரை நேராக எதிர்க்கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். இது அந்த ஆளின் வேலைதான் என்று மூன்றாவது கடுதாசியிலேயே முடிவு கட்டியிருந்தார்.

"போட்டின்னா வியாபாரத்துல காட்டுய்யா. ஆறு மொட்டைக் கடுதாசி போட்டு ஏன் என் உயிரை வாங்குற?"

எதிர்க்கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"சார், எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அதுக்கே அஞ்சு நிமிஷம் ஆகும். ஆறு கடுதாசிக்கு நான் எங்க போவேன்?"

ஆய்வாளரின் முகம் சுண்டிப்போயிற்று. அந்த எரிச்சலையும் சேர்த்துச் சுமந்துகொண்டு தெருவைத் தாண்டினார்.

"வாங்க சார்!" என்று கல்லாவிலிருந்து சிரித்தார் கடைக்காரர். "என்னடா, ஆளையே காணோமேன்னு பார்த்தேன்."

அதற்குள் சமையல்கட்டிலிருந்து அவர் மனைவி கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள்.

"உங்களுக்கு இந்த ஊர்ல வேற கடையே கண்ணுக்குத் தெரியலையா சார்? எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடத்தான் சம்பளம் வாங்குறீங்களா? அந்த மொட்டைக் கடுதாசி எழுதின கை விளங்குமா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எனக்கு மட்டும் ஆசையாம்மா? இதைக் கேளுங்க, இப்படித்தான் எழுதி வருது," என்று ஆய்வாளர் கடுதாசியைப் பிரித்தார். முந்தைய ஐந்திலும் தண்ணீர் சரியில்லை என்று ஒரே வரிதான்; அதனால் கடையின் பெயரைப் பார்த்ததுமே அலுத்துப்போய், இதை அவர் முழுதாகப் படித்திருக்கவில்லை. சத்தமாகவே படித்தார்.

"கேன் தண்ணீரைப் பார்த்து ஏமாறாதீர்கள். மொட்டைமாடித் தொட்டியைப் பாருங்கள்."

கடைக்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது.

"தொட்டியா? அது... அது சும்மா கிடக்கு சார். மாடிக் கதவுச் சாவியும் தொலைஞ்சு போச்சு."

"சும்மா கிடந்தா சமையல்கட்டுக் குழாய்ல தண்ணி எங்கேருந்து வருது?"

பதில் சொன்னது அவர் மனைவி.

"சாவி இல்லைன்னா பூட்டை உடைங்களேன்! உடைச்சுப் பார்த்துட்டு, ஒண்ணுமே இல்லைன்னு தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிட்டுப் போங்க!"

"ஏய், நீ வாயை மூடு!"

"நான் ஏங்க மூடணும்? நமக்கென்ன பயம்?" என்றவள், விறுவிறுவென்று உள்ளே போய்ச் சுத்தியலோடு வந்தாள்.

பூட்டு இரண்டே அடியில் விழுந்தது.

தொட்டியின் மூடி பாதி உடைந்திருந்தது. ஆய்வாளர் எட்டிப் பார்த்தார். அடுத்த நொடி மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். பச்சைப் பாசிக்கு நடுவே இரண்டு புறாக்கள் செத்து, ஊறி, மிதந்துகொண்டிருந்தன. தொட்டியிலிருந்து கிளம்பிய குழாய் நேராகச் சமையல்கட்டுக்குத்தான் இறங்கியது.

"இதைத்தான் ஜனங்களுக்கு ஊத்துறியா?"

"எல்லாத்துக்கும் கேன் வாங்கினா கட்டுப்படி ஆகுமா சார்? உங்க ஸ்கூட்டர் தெருமுனையில திரும்பினா மட்டும்..." என்று ஆரம்பித்த கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஐந்து தடவை! ஐந்து தடவையும் அந்தக் கேன்களை முகர்ந்து பார்த்துவிட்டுப் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டிவிட்டுப் போனதை நினைக்க, ஆய்வாளருக்குத் தன்னையே நாலு சாத்து சாத்த வேண்டும் போலிருந்தது.

சாப்பிட்டவர்களை எழுப்பினார். ஷட்டரை இறக்கச் சொன்னார். தொட்டியை மாற்றி, தண்ணீர் சோதனையில் தேறும்வரை கடை திறக்கக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார். கடைக்காரர் படியில் உட்கார்ந்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

ஆய்வாளர் ஸ்கூட்டரைக் கிளப்பும்போது அந்த அம்மாள் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"போங்க சார், போங்க! எங்க வயித்துல அடிச்சாச்சுல்ல? இப்பத் திருப்தியா?"

தெருவே வேடிக்கை பார்த்தது.

"அம்மா, நான் என் வேலையைத்தான் செஞ்சேன். உங்க வீட்டுக்காரர் செஞ்சது..."

அவள் ஸ்கூட்டருக்கு வெகு அருகில் வந்து நின்றாள். புருஷன் இன்னும் குனிந்த தலை நிமிரவில்லை என்பதைத் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். இடுப்பில் செருகியிருந்த கவர் ஒன்றை எடுத்து அவர் கைக்குள் திணித்தாள். குரல் சட்டென்று இறங்கியது.

"பக்கத்து ஹாஸ்டல் பிள்ளைங்க நாலு பேர் வாந்தி பேதின்னு படுத்துக் கிடக்குங்க சார். நான் தலைதலையா அடிச்சுக்கிட்டும் இந்த மனுஷன் கேட்கல. இது ஏழாவது, நாளைக்குத் தபால்ல போடணும்னு வச்சிருந்தேன்... இனிமே தேவைப்படாதுல்ல?"