நிராகரிக்கப்பட்ட தவளைகள்

“இந்தக் கட்டுரையை எழுதினவன் தவளையைக் கண்ணால பார்த்திருப்பானான்னே சந்தேகம். நிராகரிக்கச் சொல்லி ஆய்விதழுக்கு எழுதிட்டேன்,” என்று மடிக்கணினியை மனைவி பக்கம் தள்ளினார் உயிரியல் பேராசிரியர்.

“யார் எழுதினது?” என்றாள், சட்டப் பேராசிரியையான மனைவி.

“பேரைப் பார்த்தா பாரபட்சம் வந்துடும். நான் எப்பவுமே ரெண்டாம் பக்கத்துலேர்ந்துதான் படிப்பேன்.”

அவள் முதல் பக்கத்தைத் திறந்தாள்.

“இது ஏத்துக்கலாமா வேண்டாமான்னு உங்க கருத்தைக் கேட்டு வந்ததில்லீங்க. அச்சாகுறதுக்கு முன்னாடி பிழை திருத்தச் சொல்லி, எழுதினவங்களுக்கே அனுப்பியிருக்காங்க. முதல் பேரு உங்களோடது.”

பேராசிரியர் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். இரண்டாவது பெயர் அவருடைய ஆய்வு மாணவியுடையது. அவளுக்குப் போன் போட்டார்.

“ஏம்மா, நம்ம கட்டுரை இவ்வளவு மட்டமா இருக்குன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“மூணு தடவை படிக்க அனுப்பினேன் சார். மூணு தடவையும் ‘அருமை’ன்னு பதில் போட்டீங்களே.”